மதில் தாண்டி வந்த மருந்து வாடை

முதலில் வந்தது வாடைதான்.

பூண்டும் மண்ணெண்ணெயும் சேர்ந்து அழுகினாற்போல ஒரு நெடி. பப்பாளித் தோப்பின் கடைசி வரிசையில் நின்று, ஓர் இலையைப் புரட்டிப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

நிமிர்ந்தேன். தோப்பை ஒட்டி ஓடும் தொழிற்சாலை மதிலுக்கு மேலே, உள்பக்கத்துச் செம்பருத்தி வேலியின் உச்சி எப்போதும் கொஞ்சம் தெரியும். அந்த இடத்தில் வெள்ளையாக, பனிப்புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. காலை வெயில் பட்டு அதற்குள் துண்டாக ஒரு வானவில்கூடத் தெரிந்தது. 

ஒரு மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது என்னக்கா?" என்றேன். என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

தனலட்சுமி அக்கா களைக்கொத்தைப் போட்டுவிட்டு, மதிலோரம் குவிந்து கிடந்த உடைகல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கூட்டு ஆளும்மா," என்றார். "இலைக்கு நடுவுல தலதான் தெரியுது. மூஞ்சில எம் பொடவத் துணியக் கட்டிகினு கீறாரு. அவருதான் மருந்து அடிக்கிறாரு!"

மதிலுக்கு இந்தப் பக்கம், என் தலைக்கு மேலே, அவருடைய மரங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர். காற்று எங்களை நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது.

கல்யாணப் பவுடர்

போன வாரம் படப்பையில் நாங்கள் நான்கு பெண்கள் தங்கியிருந்த வாடகை அறையைப் பற்றி எழுதியிருந்தேன். மற்ற மூவரும் செல்போன் தொழிற்சாலையில் லைனில் நிற்பவர்கள். நான் மட்டும் பூச்சி ஆராய்ச்சிக்காரி. பழம், காய்கறிப் பயிர்களை விஷம் தெளிக்காமல் காப்பாற்ற முடியுமா, வருஷக்கணக்கில் மண் கெடாமல் அவற்றை வளர்க்க முடியுமா என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளர் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரியான இசக்கி என் அறைத்தோழி. "நாங்க நாளெல்லாம் போன் பூட்டுதோம், இவ நாளெல்லாம் பூச்சி பிடிக்கா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. ஒரகடம் பக்கம் எங்கே பார்த்தாலும் புது மதில் எழும்பிக்கொண்டிருந்தது. மண்ணூரைத் தாண்டி உள்ளே போகும் சாலையில், அப்படி ஒரு மதிலை ஒட்டித்தான் கன்னியப்பன், தனலட்சுமி தம்பதியின் பப்பாளித் தோப்பு. சுற்றியிருந்த நிலமெல்லாம் தொழிற்சாலைக்குள் போய்விட்டது. இவர்களுடையது மட்டும் ஓரமாகத் தப்பியிருந்தது.

கன்னியப்பன் அண்ணன் அந்தத் தொழிற்சாலையிலேயே தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலை ஷிப்டு முடிந்ததும் நேரே தோப்புக்கு வந்துவிடுவார். உள்ளே செம்பருத்தியும் புல்தரையும். வெளியே பப்பாளி. "அங்க சம்பளத்துக்குத் தண்ணி ஊத்துறேன், இங்க சும்மா ஊத்துறேன்" என்பார்.

அந்தத் தோப்புக்குள் முதல்முறை நுழைந்தபோது, யாரோ மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

தண்டெல்லாம் வெள்ளை. இலைக்காம்பெல்லாம் வெள்ளை. காய்களின்மேல் பஞ்சை ஒட்டிவைத்தது போலத் திட்டுத் திட்டாக வெள்ளை. கிட்டே போய்த் தொட்டால் அந்த வெள்ளை நகர்ந்தது. அத்தனையும் உயிர். மேலிருந்து பிசுபிசுவென்று ஏதோ சொட்டி என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. அந்த இனிப்புக்கு எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காய், பழுக்காமலே, தொப்பென்று காலடியில் விழுந்து உடைந்தது.

"பாத்தியாம்மா," என்றார் தனலட்சுமி அக்கா. "எங்க மரம்லாம் கல்யாணத்துக்குப் பவுடர் பூசிகினு நிக்குது."

சிரிக்கத்தான் சொன்னார். அவரால் சிரிக்க முடியவில்லை.

மாவுப்பூச்சி. கடல் தாண்டி எங்கிருந்தோ வந்து சேர்ந்த இனம். பப்பாளியில் தொடங்கி, மரவள்ளி, செம்பருத்தி, தெருவோரக் களைச்செடி என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்திருந்தார்கள். கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்திருந்தார்கள். அந்தப் பூச்சியின் மேலிருக்கும் மெழுகு மருந்தை உள்ளே விடாது. அதைத் தின்ன வரும் மற்றப் பூச்சிகள்தாம் செத்தன. கொஞ்ச நாளில் முன்னைவிட அதிகமாக வெள்ளை ஏறியது.

பல்லழகன்

விஷ டின் எனக்குப் புதிதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பருத்திதான் வெள்ளாமை. என் அத்தை வீட்டில், மருந்து தீர்ந்த டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பருப்பு போட்டு வைப்பார்கள். டின்னின்மேல் மண்டை ஓட்டுப் படம் இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அதற்குப் 'பல்லழகன்' என்று பேர் வைத்திருந்தோம். "பல்லழகன எடுத்துட்டு வா, பாசிப்பருப்பு வேணும்" என்று அத்தையும் சொல்லுவார்.

கல்லூரியில் சேர்ந்து, அந்தப் படத்துக்கு என்ன பொருள், டின்னின் உள்சுவரில் என்ன தங்கியிருக்கும் என்று முதல் வகுப்பில் கேட்ட அன்றைக்கு, விடுதிக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பருப்புச் சாம்பார். இறங்கவில்லை.

நான் பூச்சி படித்ததற்கு அந்தத் தட்டும் ஒரு காரணம்.

மடியில் இருந்த பெட்டி

மாவுப்பூச்சிக்கு அதன் சொந்த நாட்டிலேயே ஓர் எதிரி உண்டு. கடுகைவிடச் சின்னதான ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். குஞ்சு உள்ளேயே இருந்து தின்று வளர்ந்து, பூச்சியைக் கூடாக்கிவிட்டு, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதை வரவழைத்து, நம் பயிருக்கோ மற்றப் பூச்சிக்கோ கெடுதல் செய்யுமா என்று சோதித்து, இப்போது ஆராய்ச்சி நிலையத்தில் கூண்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா ஊரிலும் கேட்டார்கள். கிடைத்ததோ கொஞ்சம்தான்.

எங்கள் பேராசிரியர் ஒரு தெர்மாகோல் பெட்டியை என் கையில் வைத்து, "குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி போம்மா" என்றார்.

மின்சார ரயிலில் வந்து சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெரியவர், "இன்னாம்மா பொட்டில? ஐஸா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. குளவி."

அத்தனை நெருக்கத்திலும் என்னைச் சுற்றி ஒரு முழம் இடம் கிடைத்துவிட்டது.

"கொட்டாதுண்ணே. கண்ணுக்கே சரியாத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதத எதுக்குமா இப்டி கட்டிப் புடிச்சிகினு போற?" என்றார் அவர். ஆட்டோவே சிரித்தது. ஒரகடம் வரும்வரை அவர் கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை.

தோப்பில், பெட்டிக்குள் இருந்த குப்பியைத் திறந்தபோதும் அதே கதைதான். தனலட்சுமி அக்கா குனிந்து, கண்ணைச் சுருக்கி, தேடித் தேடிப் பார்த்தார். "எங்கம்மா? ஒண்ணுமே காணோம். தூசு மாதிரி இன்னாவோ பறக்குது."

"அந்தத் தூசுதாங்க்கா."

கன்னியப்பன் அண்ணன் சீருடையைக்கூட மாற்றாமல் பின்னால் நின்றிருந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "மேடம், நான் பவர் ஸ்பிரேயர் வச்சி அடிச்சே சாவாத பூச்சி. இத இந்தத் தூசு தின்னப் போவுது?"

"மூணு வாரம் பொறுங்கண்ணே. அதுவரைக்கும் இந்த மரங்க மேல ஒரு சொட்டு மருந்து படக்கூடாது. பட்டுச்சுன்னா மொதல்ல சாகறது இதுதான். இன்னொரு தடவ கேட்டா எப்பக் கிடைக்கும்னு தெரியாது."

"மூணு வாரம்தான? உடு. படாது," என்றார்.

பேச்சில்லாத மதில்

அதற்குப் பிறகு ஒரு வாரம், அல்லது கொஞ்சம் கூட இருக்கலாம், கழித்துத்தான் அந்தக் காலை வந்தது.

தனலட்சுமி அக்கா கற்குவியலின்மேல் நின்றபடி கத்தினார். "யோவ்! நிறுத்துய்யா! யோவ், எங்க மரம்யா இது!" மோட்டார் சத்தத்தில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஒரு கல்லை எடுத்து மதிலில் அடித்தார். செம்பருத்தி இலைகளுக்கு நடுவே தெரிந்த அந்தத் தலை திரும்பவே இல்லை.

அடுத்து அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. கடைசி வார்த்தை மட்டும் நினைவிருக்கிறது. "அந்தக் கை அழுவிப்போவ!"

நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, பைத்தியம் மாதிரி மரத்துக்கு மரம் ஓடினேன். என்ன செய்ய ஓடினேன் என்று தெரியவில்லை. காற்றில் வருவதைக் கையால் தடுக்கவா முடியும்? இலைகளின் மேல் பொடிப்பொடியாக ஈரம் படர்வதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பு!

திடீரென்று மோட்டார் நின்றது.

அந்த அமைதியில், மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வீறிட்டது. "ஐயோ, யாராச்சும் வாங்களேன்! கன்னியப்பன் அண்ணன் வுழுந்துட்டாரு!"

நானும் அக்காவும் ஓடினோம். அந்த மதில் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவின் செருப்பு வழியிலேயே கழன்றது. அவர் நிற்கவில்லை. கேட்டில் நின்ற செக்யூரிட்டி கையை நீட்டித் தடுக்க வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

உள்ளே ஒரு கூரைக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கையில் ஒரு சோடா பாட்டிலைத் திணித்திருந்தார்கள். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர், இருபத்தைந்து வயதுகூட ஆகாத பையன், பதறிப்போய் நின்றான்.

"வெயில்ல மயக்கம் மேடம். சோடா குடுத்திருக்கோம், இப்ப சரியாயிடும்."

சட்டை மருந்தில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கன்னத்தில் சதை தானாகத் துடித்தது. நான் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தேன். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

புத்தகத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒரு மனிதரின் முகத்தில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

"மேடம்," என்றார் குழறலாக. "கண்ணு மங்கலா கீது."

"மயக்கம் இல்ல சார், விஷம்! தோல் வழியா ஏறுது! சட்டையக் கழட்டுங்க, சோப்பு கொண்டாங்க, தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். அந்தப் பையன் ஒரு விநாடி திகைத்து நின்றான். பிறகு அவனே பாய்ந்து பொத்தான்களைப் பிய்த்தான். கேன்டீனில் கைகழுவும் இடத்திலிருந்து சோப்புத் தண்ணீரும் ஹோஸும் வந்தன. முதலில் வீறிட்ட, அங்கே பெருக்கும் பெண், தனலட்சுமி அக்கா, நான், சூப்பர்வைசர் என்று நாலு பேரும் சேர்ந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை கழுவினோம்.

ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேனில்தான் மருத்துவமனைக்குப் போனோம். வேனுக்காக நின்றிருந்தவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் விலகி வழி விட்டார்கள்.

"எப்பக் குடிச்சாரு?"

மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எப்பக் குடிச்சாரு?"

தனலட்சுமி அக்காவுக்குப் புரியவில்லை. "காலைல டீ குடிச்சாரு சார்."

"அது இல்லம்மா. மருந்து. எப்ப மருந்து குடிச்சாரு? வீட்ல என்ன சண்டை?"

அக்கா என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பொருள் உறைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார் இப்டி கேக்குற? எம் புருசன் இன்னாத்துக்குக் குடிக்கப் போறாரு? வேலைக்குப் போன எடத்துல மேல பட்டுச்சி சார்!"

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாடையோடு அங்கே வருகிறவர்களில் பலர் குடித்துவிட்டுத்தான் வருவார்கள். நம் ஊரில் நோய் தீர்க்கக் கொடுப்பதும் மருந்து, பூச்சியைக் கொல்ல அடிப்பதும் மருந்து, வாழ்க்கை வெறுத்தவர் குடிப்பதும் மருந்து. மூன்றுக்கும் ஒரே பேர் வைத்திருக்கிறோம் என்பது, அந்த வராந்தாவில் நின்றபோதுதான் என் மண்டையில் அடித்தது.

"என்ன மருந்து?" என்று அடுத்துக் கேட்டார். கூடவே வந்திருந்த சூப்பர்வைசர், "பூச்சி மருந்துதான் சார்... பேரு தெரியல" என்றான். நல்லவேளை, வேனில் ஏறும்போது அந்த மருந்தின் காலி டின்னை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தேன். கடும் விஷம் என்பதற்கான சிவப்பு முக்கோணம் போட்ட டின். டாக்டர் அதைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போனார். ஊசி போட்டார்கள். மறுபடி போட்டார்கள். கண்ணைப் பார்ப்பது, மறுபடி போடுவது என்று பகல் முழுக்க அப்படியே போயிற்று.

சூப்பர்வைசர் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். "வெளிநாட்டுலேர்ந்து விசிட் வர்றாங்க மேடம். வேலி வெள்ளையா நிக்கக் கூடாதுன்னு மேலேர்ந்து ஆர்டர். சுருக்கா சாகற மாதிரி ஒரு மருந்து குடுங்கன்னு கடையில கேட்டேன். நான் படிச்சது மெக்கானிக்கல் மேடம். எனக்கு இதெல்லாம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினான்.

தனலட்சுமி அக்கா அழவில்லை. குழாயடியில் நின்று கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்க் குழாயை மூடினேன்.

"கை அழுவிப்போவன்னு சொன்னேன்மா," என்றார். "நீயும் கேட்டுகினுதான இருந்த? எவ்ளோ நாளா எவ்ளோ திட்டியிருக்கேன். ஒரு நாளும் பலிக்கல. இன்னிக்கின்னு பாத்து..."

அவரைப் பெஞ்சுக்குக் கூட்டி வந்து, ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காற்றுக்கு எதிரே

மறுநாள் போனபோது கன்னியப்பன் அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் மட்டும் தெளிந்திருந்தது. அவர் பிழைத்துவிட்டார் என்று உறுதியானதும், தனலட்சுமி அக்காவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"சொந்த மரத்த எவனாச்சும் மருந்தடிச்சிக் கொல்லுவானா? சூப்பர்வைசர் சொன்னா அடிச்சிடுவியா? 'ஒடம்பு முடியல சார்'னு ஒரு வார்த்த சொல்லிட்டு வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா?"

"நான் அடிக்கலன்னா இன்னொருத்தன் அடிப்பான். அவனுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு தெரியுமா?" என்றார் அவர் மெதுவாக. "அதான் நானே மிஷின வாங்கினேன்."

"வாங்கி? எங்க மேலதான அடிச்ச?"

"எங்கடி உங்க மேல அடிச்சேன்? புல்தரைல நின்னு மதில் பக்கமா அடின்னுதான் சார் சொன்னாரு. காத்தும் மதில் பக்கமாதான் போவுது. அப்டி அடிச்சா மொத்தமும் நம்ம மரத்து மேலதான் எறங்கும். அதனால வேலிக்கும் மதிலுக்கும் நடுவுல பூந்துட்டேன். மதில்ல முதுகச் சாச்சிகினு, கம்பெனி உள்ரோடு பக்கமாப் பாத்து அடிச்சேன். தழைக்குள்ளயே தாழ்த்திப் புடிச்சி அடிச்சேன். கொஞ்சம் மேல போயிருக்கும். மிச்சம்லாம் எதுர் காத்துல என் மேலயே வந்துச்சி."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

மருந்து அடிக்கிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், காற்றுக்கு எதிரே நிற்காதே என்பது. அதை அவர் தோப்பிலேயே ஒருநாள், மணலை அள்ளித் தூவிக் காட்டி, நான்தான் அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் நின்று கேட்டார். தெரியாமல் நின்றவர் இல்லை. தெரிந்தே நின்றிருக்கிறார்.

"ஏண்ணே?" என்றேன். "அந்தத் தூசு பூச்சிய நீங்க நம்பவே இல்லையேண்ணே."

"இப்பவும் நம்பல," என்றார். "ஆனா மூணு வாரம் படாதுன்னு சொல்லிட்டேன்ல?"

தனலட்சுமி அக்கா எழுந்து அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். ஒரகடம் போகும் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. எதிலும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இலைக்கு அடியில்

பேராசிரியரிடம் போனில் சொன்னேன். "போயிருக்கும்மா. ரொம்ப மென்மையான பூச்சி, கொஞ்சம் பட்டாலே போயிடும். மனசத் தேத்திக்கோ" என்றார்.

கன்னியப்பன் அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. காண்ட்ராக்ட்டில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சொந்தக்காரர்கள் மரங்களை வெட்டிவிட்டு வேறு ஏதாவது போடச் சொன்னார்கள். தனலட்சுமி அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"மூணு வாரம் ஆவட்டும். அந்தாளு உசுர வச்சிக் காத்துகினு நின்னாரு. நான் வெட்டிப் போட்றதா?"

அந்த மூன்று வாரக் கெடு நெருங்கியபோது தோப்புக்குப் போக எனக்கே கால் வரவில்லை. இசக்கிதான், "போய்த்தான் பாரேன் செல்வி. செத்துப் போச்சுன்னாலும் நீதான பாத்து எழுதணும்" என்று துரத்தினாள்.

மதிலிலிருந்து தள்ளி, நடு வரிசையில் ஓர் இலையைப் புரட்டினேன். வழக்கமான வெள்ளை. லென்ஸை வைத்தேன். அந்த வெள்ளைக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் உப்பிப்போய்ச் சில உடம்புகள். ஒவ்வொன்றிலும் ஊசியால் குத்தினாற்போல வட்டமாக ஓர் ஓட்டை.

லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னொரு இலை. இன்னொரு மரம். ஓட்டை, ஓட்டை, ஓட்டை. கடைசி வரிசைக்கு ஓடினேன். மதிலுக்கு நேர் கீழே நின்ற மரங்களில் கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

"அக்கா! அக்கா!"

அக்கா ஓடி வந்தார். லென்ஸை அவர் கண்ணில் வைத்துப் பிடித்தேன். சரியாக அந்த நேரம் ஒரு பழுப்புக் கூட்டின் முனை அசைந்திருக்கிறது. "ஐயோ," என்றார். "ஐயய்யோ! உள்ளேர்ந்து கடிச்சிகினு வெளிய வருதும்மா! தல தெரியுது! மீசை தெரியுது!" பிறகு லென்ஸிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு, அதிர்ந்துபோய், "பாவம்மா அந்த வெள்ளப் பூச்சி" என்றார்.

அத்தனை நாள் அந்தப் பூச்சியைச் சபித்த வாய் அது.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கன்னியப்பன் அண்ணன் மதிலில் முதுகைச் சாய்த்து நின்றதால்தான் குளவிகள் பிழைத்தன என்று என்னால் நிரூபிக்க முடியாது. முட்டையும் குஞ்சும் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் இருந்ததால் தப்பியிருக்கலாம். நடுவில் காற்று தணிந்திருக்கலாம். எங்கள் ஆய்வறிக்கையில் இவையெல்லாம் இருக்கின்றன. அவர் நின்ற விதத்தை அறிக்கையில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சேர்க்கவில்லை.

ஒன்றும் செய்யாமல்

மழை முடிவதற்குள் தோப்பு பச்சையாகிவிட்டது. தண்டில் பழைய வெள்ளையின் தடம் மட்டும் அங்கங்கே இருந்தது. புதிதாகப் பூ எடுத்திருந்தது.

அப்படி ஒரு காலையில் சூப்பர்வைசர் பையன் தோப்புக்குள் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு செம்பருத்திக் கிளை, நுனியெல்லாம் வெள்ளை. மரங்களை அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மேடம், எங்க வேலி முன்ன விட மோசமா இருக்கு. நீங்க இங்க என்ன மருந்து அடிச்சீங்க?"

"எதுவும் அடிக்கல சார்."

கிளையை வாங்கி லென்ஸில் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவே, பழுப்பாக, ஓட்டையோடு இரண்டு மூன்று கூடுகள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. யாரும் கொண்டுபோய் விடாமல், மதிலைத் தாண்டி அவையே போய்விட்டிருந்தன.

"உங்க வேலிக்கும் வந்துடுச்சு சார்," என்று காட்டினேன்.

அவன் வெகுநேரம் பார்த்தான். "சரி மேடம். இப்ப நாங்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது."

"ஒண்ணுமேவா?" அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு அதிர்ச்சியை நான் ஒரு படித்த முகத்தில் பார்த்ததில்லை. "மேல கேட்டா என்னன்னு சொல்லுவேன்? ஒண்ணும் பண்ணாம இருக்கோம்னா?"

"ஆமா சார். கொஞ்ச நாளைக்கு வெள்ளையாத்தான் நிக்கும். நிக்கட்டும்."

கன்னியப்பன் அண்ணன் மரத்தடியில் உட்கார்ந்து கூடை கட்டிக்கொண்டிருந்தார். பையன் அவர் முன்னால் போய்த் தரையில் குந்தினான். கொஞ்சநேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"உள்ள இருக்கறவங்ககிட்ட பேசிட்டேண்ணா," என்றான் கடைசியில். அதுவரை அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். "நாளைக்கு ஷிப்டுக்கு வந்துடுங்க. வேலியப் பாத்துக்க ஆள் வேணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"வர்றேன் சார். ஆனா அந்த மிஷின எங்கிட்ட குடுக்காத."

தனலட்சுமி அக்கா காய் பறிப்பதை நிறுத்தாமலே, முதுகைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"வேற யாருகிட்டயும் குடுக்காத சார்."